கொட்டகைக் காலம் – 11: சாம்பல் நிறத்தில் ஒரு வண்ணப்படம்

இதுவரை…

திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். 1913-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டர் வந்தது. 1914-இல் ரகுபதி வெங்கய்யாவின் கெயிட்டியும், கோவையில் வின்சென்டின் வெரைட்டி ஹாலும் எழுந்தன. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் திரையில் ‘காளிதாஸ்’ வாய் திறந்து பேசியது.

படம் பேசிவிட்டது. ஆனால் உலகத்துக்கு இருக்கிற நிறம் மட்டும் திரைக்கு வரவில்லை.

இந்த வாரம் அந்த நிறத்தைத் தேடி மலை ஏறுகிறோம்.

❖

தகரப் பெட்டியில் ஒரு படம்

சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டை. வாசலில் மிளகு காய்கிறது. என் பெரியப்பா தன் தகர டிரங்குப் பெட்டியைத் திறந்து, பட்டா நகல்களையும் பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார்.

உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். சுற்றிலும் வெள்ளைக் கரை. கரையின் விளிம்பு பல் பல்லாக வெட்டியிருந்தது. ஐம்பதுகளில் ஸ்டூடியோக்காரர்கள் அப்படித்தான் பிரின்ட் போட்டுக் கொடுப்பார்கள்.

நான்கு ஆண்கள், ஒரு சிறுவன். வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் துண்டு. சிறுவனின் அரைக்கால் சட்டை இடுப்பில் நிற்காமல் இழுத்து முடிந்திருக்கிறது. அந்தச் சிறுவன்தான் பெரியப்பா. அப்போது ஒன்பது வயது.

படத்தின் பின்பக்கம் வெறுமை. தேதி இல்லை, ஊர் இல்லை. எழுதி வைக்காததைப் படமே சொல்லவேண்டும்.

முதலில் ஒருவர் கையில் இருக்கும் கம்பளியைப் பாருங்கள். நாலாக மடித்து முழங்கையில் போட்டிருக்கிறார். மற்ற மூவரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறார்கள். மலைக்குக் கீழே, சேலத்து வெயிலில் கம்பளி எதற்கு? விடியற்காலை மலையிலிருந்து குளிரில் கிளம்பி, கீழே வந்ததும் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டவர் அவர்.

அடுத்து நிழல். ஆளைவிடக் குட்டையாக விழுந்திருக்கிறது. உச்சிப்பொழுது தாண்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மேட்னி ஆட்டத்துக்கு நிற்கிறார்கள்.

மூன்றாவது, அவர்களுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கும் மூங்கில் தட்டி. அதில் ஒட்டிய சுவரொட்டியில் ‘அலிபா’ வரைக்கும் தெரிகிறது. மிச்ச எழுத்தை ஒருவர் தலை மறைத்துவிட்டது. அதற்குக் கீழே பெரிதாக ‘40’. இன்னும் கீழே, பொடி எழுத்தில், ‘கேவா கலர்’.

போதும். ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. 1956 ஜனவரி 14, பொங்கல் வெளியீடு. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம்.

அதைப் பார்க்க வந்தவர்கள் எடுத்துக்கொண்ட படம் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது.

கொட்டகையின் பெயர்? அதைத் தட்டி மறைத்துவிட்டது. பழைய கொட்டகைப் படங்களைத் தேடுகிறவர்களுக்கு இந்த ஏமாற்றம் பழகிப்போன ஒன்று. கொட்டகையைப் படம் எடுக்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? தங்களை எடுத்துக்கொண்டார்கள். கொட்டகை அவர்கள் முதுகுக்குப் பின்னால் தற்செயலாக நின்றது. அதையும் அந்த வாரத்துப் படத்தின் விளம்பரம் மூடிவிடும்.

❖

மலைப்பாதையில் ஒரு வாசல்

ஏற்காட்டு மலையில் பொங்கல் நேரம் காப்பிப் பழம் பறிக்கும் பருவம். கையில் கொஞ்சம் காசு புழங்கும். சேலத்துக்கு இறங்க அதைவிட நல்ல சமயம் இல்லை.

20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் குளிர் ஒரு படி குறையும். பையன்களுக்கு வயிற்றைப் புரட்டும். அதற்கென்றே பெரியவர்கள் மடியில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள். அடிவாரம் தாண்டி ஏற்காடு சாலையில் சேலத்தை நோக்கிப் போகும்போது ஒரு வளைவு வாசல் வரும். மாடர்ன் தியேட்டர்ஸ்.

“அந்த வாசலத் தாண்டறப்போ அப்பா கையக் காட்டுனாரு கண்ணு,” என்றார் பெரியப்பா. “நாம பாக்கப் போறோமே, அந்தக் குகை இதுக்குள்ளதான்டா இருக்குதுன்னாரு. நான் பஸ்சுல எந்திரிச்சு நின்னு பாத்தேன். மரந்தான் தெரிஞ்சுது.”

பெயரில் ‘தியேட்டர்ஸ்’ இருந்தாலும் அது படம் காட்டும் இடமல்ல. படம் எடுக்கும் இடம். பெயரைப் பார்த்துக் கொட்டகை என்று நினைத்துக்கொண்டவர்கள் இன்றைக்கும் உண்டு.

அந்த வாசலைக் கட்டியவர் டி. ஆர். சுந்தரம். 1907-இல் திருச்செங்கோட்டில் பிறந்தவர். நூல், துணி வியாபாரக் குடும்பம். துணித் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போனவர். திரும்பி வந்தவர் நெசவாலை வைக்கவில்லை, சினிமாவில் இறங்கினார்.

அன்றைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். தமிழ்ப் படம் எடுக்கவேண்டும் என்றால் நடிகர்கள், பாட்டுக்காரர்கள், சமையல்காரர் உட்பட மொத்தக் கூட்டத்தையும் ரயிலேற்றிக் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ போகவேண்டும். ஸ்டூடியோ அங்கேதான். வாடகை, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் நாள் கணக்கில் ஓடும். ஒரு நாள் நடிகருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலாளிக்கு ஜுரம் ஏறும்.

சுந்தரம் வேறு கணக்குப் போட்டார். அவ்வளவு தூரம் போவதைவிட ஸ்டூடியோவையே இங்கே கட்டிவிட்டால் என்ன?

1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கியது. 1937-இல் முதல் படம் ‘சதி அகல்யா’. 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ இங்கிருந்துதான் போனது. 1940-இல் ‘உத்தம புத்திரன்’, பி. யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். 1950-இல் ‘மந்திரி குமாரி’, மு. கருணாநிதியின் வசனம், எம்.ஜி.ஆர். நடிப்பு, அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்கம்.

சென்னையில் கோடம்பாக்கம் தலையெடுத்த பிறகும், மலையடிவாரத்தில் இந்த வாசல் தன் போக்கில் படங்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. மணி அடித்தால் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். ஏறக்குறைய ஒரு மில்லைப் போலத்தான் நடந்தது. துணி படித்தவர் நடத்திய இடம் வேறு எப்படி இருக்கும்?

அந்த மில்லில் நெய்ததெல்லாம் கறுப்பும் வெள்ளையும்தான், ஐம்பதுகளின் நடுப்பகுதிவரை.

❖

சாயம் வந்த வழி

சேலத்துக்கு நிறம் வந்த கதை சேலத்தில் தொடங்கவில்லை. அது ஒரு உலகப்போரின் முடிவில் தொடங்குகிறது.

அதுவரை வண்ணப்படம் என்றால் டெக்னிக்கலர். அதற்குத் தனிக் கேமரா. ஒரே நேரத்தில் மூன்று பிலிம் சுருள்கள் அதற்குள் ஓடும். கேமராவை விலைக்குத் தரமாட்டார்கள், வாடகைதான். கழுவுவதும் பிரின்ட் போடுவதும் அவர்களுடைய லேபிலேயே நடக்கவேண்டும். 1953-இல் சொராப் மோடி அந்த முறையில் ‘ஜான்சி கி ராணி’ எடுத்தார். ‘கான் வித் த விண்ட்’ படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவரான எர்னஸ்ட் ஹாலரையே வரவழைத்தார். படம் பார்க்க அழகாக இருந்தது, வசூலில் படுத்துவிட்டது. நிறம் என்றால் நஷ்டம் என்று முதலாளிகள் முணுமுணுக்க அதுவே போதுமானதாக இருந்தது.

இதற்கிடையில் ஐரோப்பாவில் வேறொன்று நடந்திருந்தது. ஜெர்மனியின் அக்ஃபா நிறுவனம் ஒரே சுருளில் மூன்று நிறங்களையும் அடுக்கும் வித்தையைக் கண்டுபிடித்திருந்தது. போரில் ஜெர்மனி தோற்றதும் அதன் காப்புரிமைகள் வென்றவர்கள் கைக்குப் போய், பொதுவாகிவிட்டன. பெல்ஜியத்தில் கெவேர்ட் என்ற பிலிம் நிறுவனம் அந்த வழியில் தன்னுடைய சுருளைத் தயாரித்தது. அதன் பெயர்தான் கேவா கலர்.

இந்தச் சுருள் சாதாரணக் கேமராவில் ஓடும். திருப்பம் அங்கேதான். ஏற்கெனவே கையில் இருக்கும் கேமராவில் சுருளை மாற்றிப் போட்டால் நிறம். கழுவுவதற்கும் லண்டனிலுள்ள டெக்னிக்கலர் லேப் வேண்டாம், பம்பாய் போதும்.

தமிழில் அதற்கு முன்பும் ஏதோ ஒரு பாட்டு, ஒரு நடனம் என்று சில காட்சிகள் நிறத்தில் எட்டிப் பார்த்ததுண்டு. ஊறுகாய் மாதிரி. இலை முழுக்கப் பரிமாற யாருக்கும் துணிவு வரவில்லை.

சுந்தரத்துக்கு வந்தது. தயாரிப்பாளரும் அவரே, இயக்குநரும் அவரே. எம்.ஜி.ஆரையும் பி. பானுமதியையும் வைத்து, முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரைக்கும் நிறம் என்று முடிவெடுத்தார்.

அந்த முடிவுக்குப் பின்னால் எத்தனை தொல்லை என்று யோசியுங்கள். அன்றைய வண்ணச் சுருள் மந்தமானது. கறுப்பு வெள்ளைக்குப் போதுமான வெளிச்சம் அதற்குக் காணாது. விளக்குகளைப் பல மடங்கு கூட்டவேண்டும். அரங்கத்துக்குள் உலைக்களம் மாதிரிச் சூடு. அரிதாரம் வழிந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் கண்ணுக்கு. கறுப்பு வெள்ளைக்காரர்களுக்கு நிறம் ஒரு பொருட்டல்ல. திரையில் எது எவ்வளவு சாம்பலாகத் தெரியும் என்பதுதான் கணக்கு. கதாநாயகியின் சேலை பச்சையா நீலமா என்று யார் கேட்டார்கள்? இப்போது கேட்பார்கள். திரைச்சீலை, தலைப்பாகை, குதிரைச் சேணம், சுவர்ப் பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் தீர்மானிக்கவேண்டும். ஒன்று இன்னொன்றை விழுங்கிவிடக் கூடாது.

எடுத்ததை உடனே பார்க்கவும் முடியாது. சுருள் பம்பாய்க்கு ரயிலேறிப் போய்க் கழுவிவிட்டு வரவேண்டும். அதுவரை சேலத்தில் யாருக்கும் தெரியாது, திருடனின் தலைப்பாகை சிவப்பாக விழுந்ததா, அழுக்காக விழுந்ததா என்று.

இதையெல்லாம் தாங்கும் கதை எது? அரேபியக் கதைதான். பட்டும் பொன்னும் மாணிக்கமும் குவிந்து கிடக்கும் குகையைவிட நிறத்துக்குப் பொருத்தமான களம் உண்டா? துணிக்கடைக்காரர் கண் அங்கே வேலை செய்திருக்கிறது. சரக்கு பகட்டாக இருந்தால்தான் சாயத்தின் அருமை தெரியும்.

❖

குகை திறந்த நிமிடம்

மறுபடி அந்தப் புகைப்படத்துக்கு வருவோம். ஐந்து பேரும் அதற்குப் பிறகு உள்ளே போனார்கள்.

தரை டிக்கெட். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே இடுப்பு உயரத் தடுப்பு. முன்னால் உட்கார்ந்தவன் தலை மறைத்தால் பையனுக்கு அப்பா மடிதான் பால்கனி. முறுக்குக் கூடை, கடலை, கோலி சோடா. வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கிறவன் குரல்.

மேலே, ஆபரேட்டர் அறையில், இரண்டு கரிக் குச்சிகளின் முனைகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து பொறி எரிகிறது. அதன் வெளிச்சம்தான் படத்தைத் திரைக்குக் கொண்டுவரும். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும். கூடக்கூட வெளிச்சம் மங்கும். ஆபரேட்டர் அதைத் திருகிக்கொண்டே இருக்கவேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் திரை இருளும், அவ்வளவுதான். வண்ணப்படத்தில் கண்ணயர்ந்தால் கதாநாயகியின் முகமே பழுத்துவிடும். கீழேயிருந்து விசில் வரும்.

ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிடம் ஓடும். அது தீரும் முன் அடுத்த சுருள் தயார். இப்படி ஒரு படம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். கொட்டகைக்காரர்கள் படம் வந்துவிட்டதா என்று கேட்கமாட்டார்கள், “பெட்டி வந்தாச்சா?” என்பார்கள். அந்த ஒரு பெட்டியில்தான் அன்றைக்குக் கொட்டகையின் மானம் இருந்தது.

பெரியப்பாவுக்குக் கதை ஏறக்குறைய மறந்துவிட்டது. பாட்டு நினைவிருக்கிறது, மெட்டை முனகினார், வார்த்தை வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவு.

“குகை தொறந்துச்சு பாரு. அதுக்கு முன்னாடி எத்தன சினிமாவுல தங்கம் பாத்திருக்கேன்! எல்லாம் வெள்ளையாத்தான் மினுங்கும். அன்னிக்குத்தான் தங்கம் மஞ்சளா இருந்துச்சு.”

சற்று நிறுத்தி, “கொட்டாயே ஒரு நிமிசம் கம்முனு ஆயிப்போச்சு. அப்பறந்தான் விசிலு,” என்றார்.

எத்தனையோ கட்டுரைகளில் ‘முதல் வண்ணப்படம்’ என்ற இரண்டு சொல்லை வாசித்திருக்கிறேன். அது என்ன என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். தங்கம் மஞ்சளாக இருந்ததற்காக ஒரு கொட்டகை முழுவதும் மூச்சடக்கியது.

❖

சாயம் போனது எது?

அந்த வெற்றிக்குப் பிறகு தமிழ்த் திரை நிறத்தில் குளித்திருக்கவேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை.

1958-இல் எம்.ஜி.ஆர். தானே எடுத்த ‘நாடோடி மன்ன’னில் பிற்பகுதி மட்டும்தான் வண்ணம். 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. 1964-இல் ‘கர்ணன்’. அதே ஆண்டு ‘காதலிக்க நேரமில்லை’ வந்தபோதுதான், ராஜா ராணி இல்லாத சாதாரணக் குடும்பக் கதைக்கும் நிறம் உண்டு என்றானது. சுந்தரம் 1961-இல் ‘கண்டம் பெச்ச கோட்டு’ எடுத்து மலையாளத்துக்கும் முதல் வண்ணப்படத்தைக் கொடுத்தார்.

நிறத்துக்கான சுருள் கப்பலில் வரவேண்டும்; அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும்; விலையோ கறுப்பு வெள்ளையைப் போல் பல மடங்கு. அதனால் பொங்கல் பலகாரம் மாதிரி நிறம் விசேஷத்துக்கு மட்டும் வந்து போனது.

இதில் இன்னொரு விசித்திரம் உண்டு. அந்தப் பிலிமின் உடம்புக்குள்ளேயே இருந்த விசித்திரம்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் வெள்ளித் துகளால் ஆனது. சரியாகக் கழுவி, ஈரம் படாமல் வைத்தால் நூறாண்டு தாங்கும். வண்ணப்படத்தில் கழுவும்போதே வெள்ளி முழுவதையும் எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வெறும் சாயம். அந்தக் காலத்துச் சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கும். மெல்ல மெல்லப் படம் முழுவதும் ரோஸ் நிறத்துக்கு இறங்கும். ஆகாயம், இலை, தங்கம் எல்லாமே ஒரே செம்மை. ஐம்பதுகளின் வண்ணப் பிரின்ட்கள் பலவற்றுக்கும் உலகெங்கும் இதே கதிதான்.

ஆக, யுகத்தையே மாற்றும் என்று அன்றைக்கு நினைத்த நிறம் வெளுத்துப்போகப் பிறந்தது. அந்த நிறத்தைப் பார்க்கப் போன ஐந்து பேரின் சாம்பல் படம், பல் வெட்டிய ஓரத்தோடு, தகரப் பெட்டியில் நேற்று எடுத்தது போல இருக்கிறது. கம்பளியின் மடிப்புகூடக் கலையவில்லை.

பழைய கொட்டகைப் படங்களை நாம் கறுப்பு வெள்ளையில் பார்த்து, அந்தக் காலமே சாம்பலாக இருந்தது போல மயங்குகிறோம். தட்டியில் இருந்த சிவப்பு, டிக்கெட்டின் மஞ்சள், சோடா பாட்டிலின் பச்சை, எதுவும் அதில் இல்லை. அவையெல்லாம் எங்கே இருந்தன என்பதற்குச் சாட்சி சொல்ல ஒன்பது வயதில் அங்கே நின்ற ஒருவர் வேண்டியிருக்கிறது. அவருக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகிறது.

❖

வாசல்

அன்று சாயங்காலம் மஞ்சக்குட்டையிலிருந்து இறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஏற்காடு சாலையில் அந்த வாசல் வந்ததும், பெரியப்பா செய்த மாதிரியே எழுந்து நின்று பார்த்தேன்.

வாசல் இருக்கிறது. வளைவும் நிறுவனத்தின் பெயரும் அப்படியே. வழியில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி அதன் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள், எல்லாம் வண்ணத்தில். இப்போதும் முதலில் தாங்கள், பின்னணியில் வாசல்.

அதற்கு அந்தப் பக்கம் ஸ்டூடியோ இல்லை. அரங்கங்கள் இல்லை, விளக்குகள் இல்லை, மணி அடித்தால் வேலைக்கு ஓடுகிறவர்கள் இல்லை. மந்திரம் சொன்னால் திறக்கும் குகைக்கு வாசல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உள்ளே இருந்த பொக்கிஷம்தான் காணவில்லை.

1963-இல் சுந்தரம் இறந்தபோது நிறுவனம் தள்ளாடவில்லை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அங்கிருந்து படங்கள் வந்துகொண்டே இருந்தன. துப்பாக்கியும் தொப்பியுமாக ஜெய்சங்கர் ஓடியதெல்லாம் அப்புறம்தான்.

அப்படியானால், அரை நூற்றாண்டை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்பே முடிந்துபோன அந்த மில்லின் கடைசி மணி ஏன் அடித்தது? கோடம்பாக்கம் இழுத்ததா, காலம் தள்ளியதா, கணக்குத்தான் பொய்த்ததா? எல்லாவற்றையும் இடித்தவர்கள் வாசலை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?

(அடுத்த வாரம்)